கெஃபலோனியா: எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போவது

கிரீஸின் மேற்கே, அயோனியக் கடலிலுள்ள தீவுகளில் மிகப் பெரியது கெஃபலோனியா. பரப்பு ஏறக்குறைய 780 சதுர கிலோமீட்டர். வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் தீவின் நடுவே ஐனோஸ் மலை 1,628 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அந்த மலையையோ அதன் கிளைகளையோ ஏறி இறங்கியாக வேண்டும். தலைநகர் ஆர்கோஸ்டோலியிலிருந்து வடமுனையிலுள்ள ஃபிஸ்கார்டோ 50 கிலோமீட்டர்தான். காரில் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும், வழியில் நிறுத்திப் படம் எடுத்தால் இரண்டு மணி.

அதனால் இந்தத் தீவில் "பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புவது வீண். குகைக்குள் வெயில் விழும் நேரம், கடற்கரையில் காற்று கிளம்பும் நேரம், மலை உச்சியில் மேகம் கட்டும் நேரம் ஆகிய மூன்றையும் அறிந்து நாள்களை அமைத்துக்கொண்டால் நான்கு நாளே நிறைவாக இருக்கும். அறியாமல் போனால் எட்டு நாள் தங்கினாலும் மெலிசானி குகையில் நிழலையும் மிர்டோஸ் கடற்கரையில் அலையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும்.

எப்போது, எத்தனை நாள்

ஜூன் மாதமும் செப்டம்பர் முதல் பாதியும் மிக நல்ல காலம். மே மாதத்தில் மலை பச்சையாக இருக்கும், ஆனால் கடல் இன்னும் குளிரும். ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். இத்தாலியர்கள் விடுமுறைக்கு வருவதும், ஆகஸ்ட் 15 மாதா பெருவிழாவும், 16-ஆம் தேதி தீவின் காவல் புனிதர் ஜெராசிமோஸின் திருவிழாவும் ஒன்றாகச் சேர்வதால், ஆகஸ்ட் நடுவில் முன்பதிவில்லாமல் வந்து இறங்கக் கூடாது. செப்டம்பரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். மாதத்தின் பின்பாதியில் புயல் வாய்ப்பு உண்டு. 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் அஸோஸ் கிராமத்தையும் மிர்டோஸ் சாலையையும் கடுமையாகச் சேதப்படுத்தியது. அக்டோபருக்குப் பிறகு மழை. மேற்குக் கரைத் தீவு என்பதால் கிழக்கே ஏஜியன் கடலிலுள்ள தீவுகளைவிட இங்கே மழை மிக அதிகம், மலை முழுக்க மரம் நிற்பதும் அதனால்தான். அக்டோபர் கடைசிக்குள் பல விடுதிகள் மூடிவிடும்.

ஐந்து இரவு தங்குவது சரியான அளவு. மூன்று இரவுதான் முடியும் என்றால் சாமி என்ற துறைமுக ஊரில் தங்கி, குகைகளையும் வடக்குப் பக்கத்தையும் மட்டும் பாருங்கள். தெற்கை விட்டுவிடலாம்.

விசாவும் ஓட்டுநர் உரிமமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள், ஆனால் கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ ஈடுள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

கார் எடுப்பதாக இருந்தால் ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிவிடுங்கள். இந்தியாவில் உங்கள் ஆர்டிஓ அலுவலகம் தரும், ஓராண்டுக்குச் செல்லும். வெறும் இந்திய உரிமத்துக்கும் சில கடைகள் கார் கொடுத்துவிடும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்த அனுமதியைத்தான். இல்லையென்றால் முழுச் செலவும் உங்கள் தலையில்.

தீவுக்குப் போகும் வழி

ஏதென்ஸிலிருந்து விமானம் ஒரு மணி நேரம். விமான நிலையம் ஆர்கோஸ்டோலிக்குத் தெற்கே எட்டொன்பது கிலோமீட்டரில் இருக்கிறது. கோடையில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலிருந்து நேரடியாகவும் விமானங்கள் வரும்.

கடல் வழியில் ஆண்டு முழுவதும் நம்பத்தக்கது பெலோபனீஸ் தீபகற்பத்தின் கிலினி துறைமுகத்திலிருந்து தீவின் தென்கிழக்கிலுள்ள போரோஸுக்கு வரும் ஃபெர்ரி. கடலில் ஒன்றரை மணி நேரம். கார் ஏற்றலாம். ஏதென்ஸின் கிஃபிசோஸ் பேருந்து நிலையத்திலிருந்து கெஃபலோனியா செல்லும் பேருந்தைப் பிடித்தால் ஃபெர்ரி நேரத்தோடு இணைந்தே வரும். ஃபெர்ரி கட்டணம் பேருந்துச் சீட்டில் அடக்கமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்ராஸிலிருந்து சாமிக்கும், லெஃப்கடா தீவிலிருந்து ஃபிஸ்கார்டோவுக்கும், சாகிந்தோஸிலிருந்து பெஸாடாவுக்கும் ஓடும் கப்பல்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். அந்த ஆண்டின் அட்டவணை வராமல் அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று: காற்று பலமானால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். கப்பல் ஊழியர் வேலைநிறுத்தமும் அரிதல்ல, மே 1 அன்று ஏறக்குறைய உறுதி. ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது

குகைகளும் மலையும் முதன்மை என்றால் சாமி. மெலிசானி இரண்டு கிலோமீட்டர், த்ரோகராட்டி குகை நான்கு கிலோமீட்டருக்குள், அன்டிசாமோஸ் கடற்கரை பக்கத்திலேயே. துறைமுகத்தை ஒட்டிய சிறு ஊர், மாலையில் கரையோரக் கடைகள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அது குறையா நிறையா என்பது அவரவர் மனம்.

கார் ஓட்டாதவர்கள் ஆர்கோஸ்டோலியில் தங்க வேண்டும். பேருந்துகள் எல்லாம் அங்கிருந்துதான் புறப்படும், வளைகுடாவின் எதிர்க்கரையிலுள்ள லிக்ஸூரிக்குப் போகும் ஃபெர்ரியும் அங்கேதான். ஊருக்கு அடுத்துள்ள லாஸியில் மக்ரிஸ் யாலோஸ், பிளாட்டிஸ் யாலோஸ் என்ற மணல் கரைகள் இருக்கின்றன. சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்குத் தெற்கே ஸ்காலா வசதி. ஃபிஸ்கார்டோ அழகு, ஆனால் விலை கூடுதல், மற்ற எல்லா இடமும் தூரம். ஒரு நாள் போய் வருவதே போதும்.

வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். அது சைக்லடீஸ் தீவுகளின் பாணி. இங்கே பல நூற்றாண்டு வெனீசியர் ஆட்சி நடந்தது, அவர்கள் காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவை 1953 ஆகஸ்ட் 12 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டன. தப்பியது வடமுனை மட்டும். பழைய வீடுகளை ஃபிஸ்கார்டோவில் பார்க்க முடிவதும், ஆர்கோஸ்டோலி புது ஊராகத் தெரிவதும் இதனால்தான்.

அறை வாடகைக்கு மேல் இரவுக்கு இவ்வளவு என்று அரசின் காலநிலை வரி ஒன்றை விடுதியிலேயே கட்ட வேண்டும். இணையத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் அது சேராது. நட்சத்திரத் தரம் கூடக் கூட வரியும் கூடும், கோடையில் இன்னும் அதிகம்.

காரும் சாலையும்

பேருந்தில் சாமி, ஸ்காலா, போரோஸ், ஃபிஸ்கார்டோ போகலாம். நாளுக்குச் சில நடைகள்தான், ஞாயிறன்று பெரும்பாலும் இல்லை. மலைக்கும் பெரும்பாலான கடற்கரைகளுக்கும் பேருந்து கிடையாது. எனவே குறைந்தது மூன்று நாளாவது கார் எடுங்கள்.

சிறிய காரே நல்லது. அஸோஸில் இறங்கும் சாலையும் மிர்டோஸ் வளைவுகளும் அகலமான வண்டிக்கு ஏற்றவை அல்ல. ஆட்டோமேட்டிக் கார்கள் குறைவு, வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு: காலையில் வெறிச்சோடிய சாலையில் முதன்முதலாக வண்டியை எடுக்கும்போதும், கொண்டையூசி வளைவில் இடப்பக்கம் திரும்பும்போதும். இந்த இரண்டு நேரத்திலும் கை தன் பழக்கத்துக்குப் போய்விடும். பக்கத்தில் இருப்பவர் "வலது" என்று சொல்லிக்கொண்டே வந்தால் தப்பில்லை.

இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் சூடேறிப் பிடிப்பு குறையும், மிர்டோஸ் சாலையில் அந்தத் தீய்ந்த வாடை அடிக்கடி வரும். முன்னே பார்வை மறையும் வளைவுகளில் ஹாரன் அடியுங்கள். வளைவுக்கு அப்பால் நடுச்சாலையில் ஆட்டுமந்தை நிற்பது இங்கே அன்றாடக் காட்சி. மழைக்குப் பின் சரிவிலிருந்து கற்கள் உருண்டு கிடக்கும்.

கைப்பேசி வரைபடம் ஐந்து நிமிடம் மிச்சம் என்று காட்டும் குறுக்கு வழிகளை நம்பாதீர்கள். பாதி மண் பாதை. "முழுக் காப்பீடு" என்று விற்கப்படும் பலவற்றில் டயர், வண்டியின் அடிப்பகுதி, மண் சாலையில் நேரும் சேதம் ஆகியவை அடங்காது. கையெழுத்துப் போடும் முன் அந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வைப்பதும் நல்லது. பெட்ரோல் நிலையங்கள் வடக்கே குறைவு. ஃபிஸ்கார்டோ புறப்படும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

குகை நாள்

தீவின் பாறை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே வழியுண்டாக்கியிருக்கிறது. இதன் மிக விசித்திரமான விளைவை ஆர்கோஸ்டோலிக்கு வெளியே கடவோத்ரஸ் என்ற இடத்தில் பார்க்கலாம்: கடல்நீர் நிலத்தின் துளைகளுக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. அந்த ஓட்டத்தின் விசையில் 1835 முதல் ஒரு மாவாலையும் இயங்கியது. நீர் எங்கே போகிறது என்று நெடுநாள் யாருக்கும் தெரியவில்லை. 1963-இல் ஆஸ்திரிய நிலவியலாளர்கள் சாயத்தைக் கரைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சுமார் இரண்டு வாரம் கழித்து, தீவின் மறுபக்கம், மலைக்கு அடியில் கடந்து, மெலிசானியிலும் கரவோமிலோஸிலும் சாயம் வெளிவந்தது. 1953 நிலநடுக்கத்தில் நிலம் மேலெழுந்தபின் ஓட்டம் குறைந்துவிட்டது. கடவோத்ரஸில் இப்போது ஒரு நீர்ச்சக்கரமும் உணவகமும்தான் காட்சி. பத்து நிமிடம் போதும். ஆனால் மெலிசானிக்கு முன் இதைப் பார்த்துவிட்டால் அங்கே படகில் உட்காரும்போது எந்த நீர்மேல் இருக்கிறோம் என்பது விளங்கும்.

மெலிசானி ஒரு நிலத்தடி ஏரி. நீளம் ஏறக்குறைய 160 மீட்டர். கூரையின் ஒரு பகுதி இடிந்து திறந்திருக்கிறது. அந்தத் துளை வழியாக வெயில் செங்குத்தாக விழும்போதுதான் நீர் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் நீலமாகும், படகு அந்தரத்தில் மிதப்பதாகத் தோன்றும். ஆகவே நேரம்தான் இங்கே எல்லாம்.

"நண்பகலில் போ" என்று எல்லாரும் சொல்வார்கள். கடிகாரத்தின் 12 மணி இங்கே சூரியனின் உச்சி நேரம் அல்ல. கிரீஸ் முழுவதற்கும் ஒரே நேரம், அதற்கு மேல் கோடை நேரமாக ஒரு மணி கூட்டல். கெஃபலோனியா நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் கோடையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.40-க்கு. எனவே 12 மணிக்கு மேல் 2 மணிக்குள் படகில் இருப்பதே குறி. ஜூன் கடைசியில் உச்சிவெயில் 75 பாகை உயரத்தில் அடிக்கும். செப்டம்பர் கடைசியில் அது 50 பாகைக்கு இறங்கிவிடும், ஒளி நீரில் படும் பரப்பும் நேரமும் சுருங்கும். மேகமூட்ட நாளில் போவதாக இருந்தால் போகாமலே இருக்கலாம்.

வேலையை இப்படி அமையுங்கள்:

1. காலை 9 மணியளவில், திறந்தவுடனே த்ரோகராட்டி. சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் முடித்துவிடலாம். செங்குத்தான படிக்கட்டில் இறங்க வேண்டும், படிகள் எப்போதும் ஈரம். ரப்பர் அடிப்பாகமுள்ள மூடிய காலணி போடுங்கள், செருப்பில் இறங்கி வழுக்குபவர்களை நாள்தோறும் பார்க்கலாம். உள்ளே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 18 பாகை செல்சியஸ். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறங்குவதைவிட ஏறி வருவது சிரமம். கீழே உள்ள பெரிய கூடத்தின் ஒலியமைப்பு சிறப்பானது, இசை நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறார்கள். தொங்குபாறைகளைத் தொடாதீர்கள்: கையின் எண்ணெய்ப்பசை படிந்தால் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது நின்றுவிடும். முக்கால் மணி நேரம் தாராளம்.

2. பத்தரை மணிக்கு சாமி ஊருக்குத் திரும்பிக் காப்பி. அல்லது கரவோமிலோஸில், கடலுக்கு இருபதடி தள்ளி நிலத்தடி நீர் பொங்கும் குளத்தையும் பழைய ஆலைச் சக்கரத்தையும் பாருங்கள்.

3. பன்னிரண்டு மணிக்கு மெலிசானி வரிசையில் நிற்கவும். சுரங்கப் பாதை வழியாக இறங்கினால் படகுத்துறை. படகோட்டி துடுப்புப் போட்டுச் சுற்றிக்காட்டுவார், மொத்தம் 15 நிமிடத்துக்குள். ஒளி விழும் பகுதியைத் தாண்டி இருண்ட இரண்டாம் அறைக்குள்ளும் படகு போகும். நீந்த அனுமதி இல்லை. படம் எடுக்க வேண்டுமென்றால் படகின் ஓரத்தில் உட்காருங்கள். கைப்பேசியில் ஒளியளவை வெளிச்சமான நீர்மேல் வைத்துப் பூட்டுங்கள், இல்லையென்றால் நீலம் வெளுத்துவிடும்.

4. பிற்பகல் அன்டிசாமோஸ் கடற்கரை. அதன் காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறோம்.

தவறுவது எங்கே என்றால், ஆர்கோஸ்டோலியில் பெரிய சுற்றுலாக் கப்பல் நிற்கும் நாளில். கப்பல் பயணிகளை ஏற்றிய பேருந்துகள் நேராக மெலிசானிக்குத்தான் வரும். துறைமுகத்தின் கப்பல் அட்டவணை இணையத்தில் கிடைக்கும், கப்பல் இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் பதினொன்றரைக்கே வரிசையில் சேருங்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, ஒளியும் இருக்காது. அந்தப் பேரம் எங்கள் பார்வையில் நட்டம்.

சாமியைச் சுற்றி சர்வாட்டி, அங்கலாகி போன்ற வேறு குகைகளும் குழிகளும் இருக்கின்றன. வரைபடத்தில் குறி இருக்கிறதே என்று உள்ளே இறங்க வேண்டாம். விளக்கு, கைப்பிடி, காவலர் எதுவும் இல்லை, சில நேர்க்குத்தான பள்ளங்கள். குகை ஏறுவோர் கயிறோடு போகும் இடங்கள் அவை.

கடற்கரையைக் காற்றை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

கோடையில் இங்கே வீசுவது மைஸ்ட்ரோஸ் என்னும் வடமேற்குக் காற்று. காலையில் கடல் கண்ணாடி. மதியத்துக்கு மேல் காற்று கிளம்பி, பிற்பகலில் உச்சமாகி, பொழுது சாய்ந்ததும் அடங்கும். இது தெரிந்தால் முடிவு எளிது. மேற்கும் வடமேற்கும் பார்த்த கரைகளுக்கு (மிர்டோஸ், பெட்டானி) காலையில் போக வேண்டும். மலை முதுகில் ஒதுங்கிய கிழக்கு, தெற்குக் கரைகளுக்கு (அன்டிசாமோஸ், ஸ்காலா) பிற்பகலில் போகலாம். வானிலை அறிக்கையில் வடமேற்கு 5 பூஃபோர்ட் (காற்றின் வேகத்தைக் குறிக்கும் அளவு) அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் மிர்டோஸில் குளிக்கும் எண்ணத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். தெற்குக் காற்று வீசும் நாளில் கணக்கு தலைகீழ்.

மிர்டோஸ்தான் தீவின் அடையாளப் படம். திவராட்டா ஊரிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் கீழே இறங்க வேண்டும். வெண்கூழாங்கல்லின் நுண்துகள் நீரில் கலந்து மிதப்பதால்தான் கரையோரம் அந்தப் பால்நீலம். ஆபத்து இரண்டு. தரை சட்டென்று ஆழமாகும்: இரண்டு மூன்று அடி வைத்தால் கால் எட்டாது. அலை உடைவதும் கரையை ஒட்டியே. திரும்பும் நீர் கூழாங்கல்லைக் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போகும்போது நிற்க முடியாமல் விழுவார்கள், அடுத்த அலை மேலே விழும். நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் இங்கே முட்டளவு நீரிலும் இறங்க வேண்டாம். மலைச்சரிவின் அடியில் துண்டு விரிக்காதீர்கள், கல் விழும். வாகன இடம் 11 மணிக்குள் நிரம்பிவிடும். குளிக்காமல் பார்க்க மட்டும் என்றால் மேலே சாலையிலுள்ள காட்சிமேடை போதும், அங்கிருந்து பார்த்தால் நிறம் இன்னும் நன்றாகத் தெரியும். மாலைச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ஜூன் கடைசியில் இரவு 9 மணி வரை, செப்டம்பர் கடைசியில் ஏழரை வரை காத்திருக்க வேண்டும். இருட்டில் அந்த வளைவுகளில் ஏற வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அன்டிசாமோஸ் காட்டு மலை சூழ்ந்த கூழாங்கல் வளைகுடா, நீர் தெளிவு. மேற்கே மலை இருப்பதால் மாலையில் நிழல் சீக்கிரம் விழும். மூன்று மணிக்குப் போனால் நல்ல வெயில் மிச்சமிருக்கும். கூழாங்கல் கரைகள் எல்லாவற்றிலும் நீர்க்காலணி பெரிய உதவி.

லிக்ஸூரி தீபகற்பத்தின் தென்கரையில் உள்ள ஜி கடற்கரையில் செம்மணல், பின்னால் சாம்பல்நிறக் களிமண் சரிவு. நீர் வெகுதூரம் இடுப்பளவுதான், குழந்தைகளுக்கு உகந்தது. களிமண்ணைக் குழைத்து உடம்பில் பூசிக்கொள்வது வழக்கம். உதிர்ந்து கிடப்பதை எடுங்கள். சரிவைத் தோண்டினால் மேலிருந்து சரியும். அங்கே போக ஆர்கோஸ்டோலியிலிருந்து காரை ஃபெர்ரியில் ஏற்றி அரை மணிக்குள் லிக்ஸூரியில் இறங்கலாம். வளைகுடாவைச் சுற்றிச் சாலையில் போனால் 35 கிலோமீட்டர் அளவில்.

தெற்கே ஸ்காலாவுக்குப் பக்கத்திலுள்ள மூண்டா கரையில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. குறியிட்ட கூடுகளின் அருகே குடை நடாதீர்கள், இரவில் விளக்கோடு போகாதீர்கள். குஞ்சுகள் ஒளியை நோக்கி நகரும், தவறான ஒளி அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். ஆமையைப் பார்க்க ஆசை என்றால் காலையில் ஆர்கோஸ்டோலி மீன்படகுத் துறைக்குப் போங்கள். மீனவர்கள் வலை சுத்தம் செய்யும் நேரத்தில் அவை படகுக்கு அடியிலேயே சுற்றும். நீங்கள் எதுவும் போட வேண்டாம்.

வடக்குப் பக்கம்

காலை எட்டரைக்குள் மிர்டோஸ், குளித்துவிட்டு 11 மணிக்கு அஸோஸ், பிற்பகல் ஃபிஸ்கார்டோ என்பது நல்ல வரிசை. அஸோஸில் 1593-இல் வெனீசியர் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு நடந்து ஏற முக்கால் மணி நேரம் ஆகும், வழியில் நிழல் குறைவு. உச்சிவெயிலில் ஏறுவது வதை. கோட்டைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் வரிசையை மாற்றி அஸோஸை முதலில் வையுங்கள்.

திரும்பும்போது அயியா எஃபிமியா வழியாகக் கீழிறங்கினால் சாமி பத்து கிலோமீட்டர். அந்தச் சிறு துறைமுகத்தில் 30 குதிரைத்திறன் வரையிலான படகுகளை உரிமம் இல்லாதவர்களுக்கும் வாடகைக்குத் தருவார்கள். சாலையில்லாத கரைகளுக்கு அதுவே வழி. ஆனால் பிற்பகலில் மலைக்கணவாய் வழியே காற்று அங்கே குத்தலாக இறங்கும். மூன்று மணிக்குள் படகைத் திருப்பிவிடுவது புத்தி.

ஐனோஸ் மலை

1962 முதல் தேசியப் பூங்கா. கெஃபலோனிய ஃபர் என்றே பெயர் பெற்ற ஊசியிலை மரம் உச்சிவரை அடர்ந்திருக்கிறது. அந்தக் கருமையைப் பார்த்து வெனீசியர் இதைக் கருமலை என்றார்கள். ஆர்கோஸ்டோலி–சாமி சாலையிலிருந்து பிரிந்து மேலேறலாம். தார்ச்சாலை ஒரு கட்டத்தில் மண்ணாக மாறும். காப்பீட்டை நினைத்து அங்கேயே நிறுத்திவிட்டு நடப்பவர்களும் உண்டு. தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருக்கும் பகுதியிலிருந்து மெகாஸ் ஸோரோஸ் உச்சிக்கு மரங்களுக்கிடையே ஏற்றம் குறைந்த பாதை போகிறது.

காலை எட்டு மணிக்குப் புறப்படுங்கள். பத்து பதினொன்றுக்கு மேல் கடலிலிருந்து எழும் ஈரக்காற்று உச்சியில் மேகமாகக் கட்டிக்கொள்ளும். தெளிந்த நாளில் இத்தாக்கா, லெஃப்கடா, சாகிந்தோஸ், பெலோபனீஸ் எல்லாம் தெரியும். மேகம் கட்டினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. கடற்கரையைவிட ஏறக்குறைய பத்து பாகை குளிர் கூடும், ஒரு மேலாடை வேண்டும். கடையோ குழாயோ இல்லை: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாள்களில் காட்டுக்குள் போகத் தடை வரும். முந்தைய நாளே தீ அபாய வரைபடத்தைப் பாருங்கள், பீடி சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். தென்கிழக்குச் சரிவில் அர்கீனியா பக்கம் காட்டில் திரியும் குட்டை இனக் குதிரைகள் உண்டு. எண்ணிக்கை சொற்பம், காண்பது அதிர்ஷ்டம்.

இறங்கும்போது ஓமாலா பள்ளத்தாக்கு வழியே வாருங்கள். புனித ஜெராசிமோஸ் மடம் அங்கே. பழைய சிறு தேவாலயத்தின் தரையிலுள்ள துளை வழியே, இரும்பு ஏணியில் இறங்கினால், அவர் தவமிருந்த குகை. துளை ஒடுக்கமானது, பருத்த உடம்புக்கும் மூச்சுமுட்டும் அச்சம் உள்ளவர்களுக்கும் ஏற்றதல்ல. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மடத்தின் பக்கத்திலேயே ரொபோலா திராட்சை விவசாயிகளின் கூட்டுறவு ஒயின் கூடம். சுவை பார்க்கத் தருவார்கள், ஓட்டுநர் மட்டும் தள்ளி நிற்கட்டும். பெராடாட்டா ஊருக்கு மேலுள்ள புனித ஜார்ஜ் கோட்டை 1757 வரை தீவின் தலைநகராக இருந்த இடம். பிற்பகலிலேயே மூடிவிடுவதால் மலையிலிருந்து நேரே அங்கே போய்விட்டு மடத்துக்குத் திரும்புவது சிலருக்குச் சரிப்படும்.

சாப்பாடு

தீவின் பெயர் சொல்லும் பண்டம் கிரேயட்டோபிட்டா: இறைச்சியும் அரிசியும் அடைத்துச் சுட்டது. பூண்டும் உருளைக்கிழங்கும் அரைத்த அலியாடா, கருவாட்டு மீனோடு வரும், தனியாகவும் கேட்கலாம். கடையில் வாங்கிவர மண்டோலஸ் எனப்படும் சிவந்த பாதாம் மிட்டாய், தைம் பூத்தேன்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. யிகான்டெஸ் (பெரிய வெள்ளை பீன்ஸ்), பிரியாம் (அடுப்பில் வெந்த காய்கறி), ஹோர்ட்டா (வேகவைத்த கீரை), ரிகனாடா (தக்காளியும் ஃபெட்டாவும் வைத்த காய்ந்த ரொட்டி) எல்லாத் தவெர்னாவிலும் (ஊர் உணவகம்) இருக்கும். யெமிஸ்டா என்ற அரிசி அடைத்த தக்காளியில் சில இடங்களில் கொத்துக்கறி கலப்பார்கள். பால், முட்டை, இறைச்சி இல்லாத உணவு வேண்டுமென்றால் "நிஸ்டீசிமோ" என்று கேளுங்கள். விரதகால உணவு என்ற பொருளில் எல்லாருக்கும் புரியும். கடல் சிப்பியும் கணவாயும் விரதத்தில் அனுமதி என்பதால் அதையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊர்க்கடைகள் மூடி மாலையில்தான் திறக்கும். இரவு உணவுக்கு எட்டரைக்கு முன் போனால் சுற்றுலாப் பயணிகள் மட்டும் இருப்பார்கள்.

சில சிறு விஷயங்கள்

அவசர எண் 112. கழிப்பறைக் காகிதத்தைக் குழியில் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகியவை. சிறு நடுக்கங்கள் இங்கே வழக்கம். 2014 தொடக்கத்தில்கூட லிக்ஸூரி பக்கம் ஆறு ரிக்டர் அளவில் அதிர்ந்தது. கடற்கரையில் நிற்கும்போது பலமாக ஆடினால் சரிவுகளை விட்டு விலகி, உயரமான இடத்துக்கு நகருங்கள். ஆகஸ்ட் 6 முதல் 15 வரை தெற்கே மார்கோபூலோ மாதா கோவிலில் சிறு பாம்புகள் வந்து சேர்வதும், ஊரார் அவற்றைக் கையிலெடுத்து வணங்குவதும் நடக்கும். அந்த நாள்களில் ஸ்காலா போகிறவர்கள் மாலையில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

கடைசி நாளில் போரோஸ் ஃபெர்ரியைப் பிடிப்பவர்கள் ஆர்கோஸ்டோலியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னதாகவும், காரோடு போகிறவர்கள் அதற்கும் அரை மணி முன்னதாகவும் கிளம்ப வேண்டும். வாடகைக் காரைத் தீவுக்கு வெளியே கொண்டுபோக எழுத்துமூல அனுமதி தேவை. பெரும்பாலான கடைகள் தருவதில்லை, எனவே காரைப் போரோஸிலேயே ஒப்படைக்க முடியுமா என்று எடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.